மென்று கொடுத்த பேரீச்சம்பழம்

வீட்டில் எனக்கென்று தனியாக ஒரு தேநீர்க் கிளாஸ் உண்டு, வாத்தியாரையா. விளிம்பில் நீலக்கோடு போட்டது. ஒரு வருஷமாக அதில்தான் குடிக்கிறேன். "அப்பா கிளாஸுடி, தொட்டே, செத்தே" என்று என் சின்னவள் அக்காவை மிரட்டுவாள். பிள்ளைகள் விஷயத்தில் நான் எப்போதும் கவனமானவன்.

உங்கள் மகள் நஜ்லா தப்புச் செய்தாளா என்ற ஒரு கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். முதலிலிருந்து சொன்னால்தான் என் நியாயமும் உங்களுக்குப் புரியும்.

போன வருஷம் கட்டில், பீரோ எல்லாம் ஏற்றிக்கொண்டு கெய்ரோ கண்காட்சிக்குப் போனேன் இல்லையா, அங்கே ஓட்டலில் ஒருத்தி. பெயர் எதற்கு? வாய்விட்டுச் சிரிக்கத் தெரிந்தவள். ஒரே ஒரு பகல். நம் ஊர் துமியாத்துக்குத் திரும்பிய ஐந்தாம் நாள் உதட்டோரம் சுரீரென்றது. மூன்று சின்ன நீர்க்கொப்புளங்கள். இடுப்புக்குக் கீழேயும் அதே எரிச்சல். குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு போன் வெளிச்சத்தில் பார்ப்பேன். அழுத்திப் பார்ப்பேன். இது வெறும் உஷ்ணம் என்று ஒரு மனசு சொல்லும், இல்லை என்று இன்னொன்று சொல்லும். சோறு இறங்கவில்லை. என் மனைவி சபாஹ் கேட்டதற்கு, சூடான அவரைக்கூழ் பட்டுவிட்டது என்றேன். பாவம், அவளே விரலால் தேன் தடவிவிட்டாள்.

நம் ஊர் டாக்டர்கள் எல்லாரும் என் கடையில் கட்டில் வாங்கியவர்கள். அதனால் மன்சூராவுக்குப் போனேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கண்ணாடி பாக்குறீங்க?" என்று கேட்டார் அந்த டாக்டர்.

"முப்பது இருக்கும்."

"கல்யாணப் பொண்ணுகூட அவ்வளவு பாக்க மாட்டா." சிரித்தார். பிறகு சொன்னார்: "ஹெர்பிஸ் மாதிரிதான் இருக்கு. டெஸ்ட்டுக்கு அனுப்புறேன், நாலு நாள்ல தெரியும். பயப்படாதீங்க, எத்தனையோ பேருக்கு இருக்கு, கேவலமே இல்ல. புண்ணு ஆறிடும். கிருமி போகாது, உள்ளயே இருக்கும். ஒண்ணே ஒண்ணு. பச்சக் குழந்தை கிட்ட வாயக் கொண்டுபோயிடாதீங்க. உங்களுக்குக் கொப்புளம். அதுக்கு உசுரு."

அன்றைக்குத்தான் அந்தக் கிளாஸைத் தனியாக எடுத்து வைத்தேன். என் பெண்களுக்கு முத்தம் கொடுப்பதை நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் உங்கள் பேரன் அன்வர் பிறந்தான். நீங்களும் அங்கே இருந்தீர்கள். ஒரு நல்ல மனிதன் பேரீச்சம்பழத்தை மென்று, அந்தக் கூழைக் குழந்தையின் மேல்வாயில் தடவுவது நம் வழக்கம். உங்கள் மருமகன், என் தம்பி ஹமாதா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தான். "அண்ணன் எச்சில் பட்டா இவனும் அண்ணன் மாதிரி ஒண்ணு பள்ளிவாசல்ல தொழவைப்பான், இல்ல கட்டில் விப்பான்" என்று சொல்லிச் சிரித்தான். பழம் உங்கள் கையில் இருந்தது. "நீங்களே செய்யுங்க, உங்க ராசி வரட்டும்" என்று என்னிடம் நீட்டினீர்கள். இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது நஜ்லா படுக்கையிலிருந்தே பார்த்துவிட்டாள். "உதட்டுல என்ன பெரியத்தான்?"

என் அம்மா அவள்மேல் பாய்ந்தாள். "பெத்த களைப்பு போகல, அதுக்குள்ள விசாரணையா? பெரியவரை இப்படியா கேப்பாங்க?"

அந்த ஒரு கணத்தில் கதவு திறந்துதான் இருந்தது. புண் இருக்கிறது, வாத்தியார் செய்யட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அறையில் பதினைந்து பேர். என்ன புண், எப்போதிலிருந்து, கெய்ரோ போய் வந்ததிலிருந்தா என்று சபாஹ் கணக்குப் போட்டிருப்பாள். டெஸ்ட் முடிவும் கைக்கு வரவில்லை. உறுதியில்லாத ஒன்றுக்காக ஒரு குடும்பத்தைக் கலைப்பது சரியா? "சூடு பட்டுடுச்சும்மா" என்றேன். மென்றேன். நன்றாகக் கூழாகும்வரை மென்றேன், தொண்டையில் சிக்கிவிடக் கூடாதே என்று. அவன் என் விரலைச் சப்பினான். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒன்பதாம் நாள் பால் குடிக்க மறுத்தான். மறுநாள் காய்ச்சல். பிறகு வெட்டி வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா எல்லாரையும் நிறுத்திவைத்துக் கேட்டாள்: "வீட்டுல யாருக்காவது வாயில, உதட்டுல புண்ணு இருந்துச்சா? மறைக்காம சொல்லுங்க, மருந்தையே மாத்தணும்." எனக்கு அதற்குள் ஆறிப்போயிருந்தது. அடையாளமே இல்லை. நஜ்லா என்னைப் பார்த்தாள். "சூடு பட்டதுதான்" என்றேன். அவளும் தலையை ஆட்டினாள். அவளுக்கு என்மேல் அவ்வளவு மரியாதை.

வேறு மருந்திலேயே மூன்று நாள் போயிற்று. நான்காம் நாள் குழந்தையின் வாய்க்குள்ளேயே கொப்புளம் தெரிந்தது. அப்புறம்தான் சரியான மருந்தைத் தொடங்கினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னால் அன்வர் போய்விட்டான். குழிக்குள் நான்தான் இறங்கி வாங்கினேன். ஒரு ரொட்டி கனம்கூட இல்லை.

பெரும்பாலும் இந்தக் கிருமி தாயிடமிருந்துதான் வரும் என்று யாரோ ஹமாதாவிடம் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று அவன் வெறிபிடித்தவன்போல ஆனான். "என்னை டெஸ்ட் பண்ணுங்க, இப்பவே ரத்தம் எடுங்க" என்று நஜ்லா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான்தான் தடுத்தேன். "வேணாம்டா, வெளிய தெரிஞ்சா வாத்தியார் மானம் போயிடும். சத்தமில்லாம முடிச்சுக்கலாம்" என்று தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். சத்தமில்லாமல்தான் தலாக் சொன்னான். உங்கள் பெயருக்காகத்தான் அப்படிச் செய்தேன். அந்த வாரமே உங்களுக்குப் பக்கவாதம் வந்து வாய் போய்விடும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆகவே, இல்லை. உங்கள் மகள் ஒரு தப்பும் செய்யவில்லை. அவளுக்கு அந்த நோயே இல்லை. குழந்தையின் வாயில் அதை வைத்தது நான். டாக்டரம்மா கேட்டபோது மறைத்ததும் நான். சொல்லிவிட்டேன். எத்தனை நாள் பாரம். இந்தத் தெருவில் இதை நம்பிச் சொல்ல உங்களைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

கண்ணைத் துடைத்துவிடுகிறேன், அசையாதீர்கள்.

சற்றுமுன் நஜ்லா தேநீர் வைத்துவிட்டுப் போனாள். இளைத்துவிட்டாள். "அந்த டெஸ்ட்ட மட்டும் எடுக்க விட்டிருக்கலாம் பெரியத்தான்" என்றாள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கிளாஸை மட்டும் தனியாகக் கழுவச் சொன்னேன். சொல்ல வேண்டியது என் கடமை.

மன்சூராவில் என் டெஸ்ட் முடிவு இன்னும் அப்படியே கிடக்கும். நான் போய் வாங்கவில்லை. வாங்காதவரை எதையும் அடித்துச் சொல்ல முடியாது, இல்லையா?

நான் கிளம்ப வேண்டும். என் தங்கை மகளுக்கு நேற்றுப் பெண் குழந்தை. நான் வரும்வரை வாயில் எதையும் வைக்க மாட்டோம் என்று காத்திருக்கிறார்கள். உதடு சுத்தமாக இருக்கிறது, காலையில் கண்ணாடியில் பார்த்தேன். நல்ல பழமாகப் பார்த்துப் பையில் வைத்திருக்கிறேன். இப்போது போய் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்பார்கள்.