இருமல் பொத்தான்

இந்த ஃபேன் சத்தம் நன்றாக இருக்கிறது, மேடம். நிறுத்த வேண்டாம். சத்தமே இல்லாத அறையில் என்னால் உட்கார முடியாது, கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். கட்டில் அதிர்கிறது என்று வீட்டில் எனக்குத் தனிப் படுக்கை போட்டுப் பல வருடமாகிறது.

யாரும் புகார் கொடுக்கவில்லையே, நீங்களாக எதற்கு வந்தீர்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. முதலிலிருந்து சொல்கிறேன், உங்கள் ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயர் மதிவாணன், வீடு கே.கே. நகரில். தொலைக்காட்சியில் குதிரைப் பந்தயத்துக்குத் தமிழில் வர்ணனை சொல்வது என் வேலை. குதிரைகள் ஓடுவது பெங்களூரில். நாங்கள் பேசுவது தி. நகரில், ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய, ஜன்னல் இல்லாத சின்ன அறை அது. இரண்டு நாற்காலி, இரண்டு மைக், எதிரே ஒரு டி.வி. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. அடுத்த அறையில் இருக்கும் புரொட்யூசர் மஹதிக்குக்கூட எங்கள் குரல் மட்டும்தான் கேட்கும்.

இன்னொரு நாற்காலி காஸ்பருடையது. சாந்தோம்காரர், பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓட்டத்துக்கு முன் பேடக் என்ற இடத்தில் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள் அல்லவா, அதைப் பற்றிப் பேசுவது அவர். கேட் திறந்து ஓட்டம் தொடங்கினால் நான். வருடக்கணக்கில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அவர் பேச்சு வேறு, என் பேச்சு வேறு. அவர் ஒரு குதிரையின் பெயரைச் சொன்னால், அது 'உள்ளேன் ஐயா' என்று பதில் சொல்லக் காத்திருப்பவர்போல் கொஞ்சம் நிறுத்துவார். பிறகு அதன் காது, கழுத்து, வியர்வை என்று சாவகாசமாக வருவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. கடைசி வளைவு திரும்பினால் நான் நாற்காலியில் இருக்க மாட்டேன். எழுந்து நின்று, மூச்சு விடாமல், எட்டுக் குதிரையையும் ஒரே வாக்கியத்தில் கோத்து முடிப்பேன். இந்த ஊரில் அப்படிச் சொல்ல வேறு ஆள் இல்லை. தற்பெருமை என்று நினைக்காதீர்கள், விசாரித்துப் பாருங்கள்.

ஆனால் கேட்பவர்களுக்கு அவரைத்தான் பிடித்தது. கீழே தையல் கடை வலியுல்லா பாய் ஒருநாள் டீயை என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார். "பெரியவரு பேசுனா சோறு துன்னுகினே கேக்கலாம் சார். நீ பேசுனா வயித்த கலக்குது. இன்னாத்துக்கு அவ்ளோ பதறுற?" நானும் சிரித்தேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

காஸ்பர் மாதிரி பேச எனக்கு நன்றாக வரும். ஆபீஸ் விருந்துகளில் பேசிக் காட்டுவேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பவர் அவர்தான். ஒருமுறை அவருடைய போனையே என்னிடம் நீட்டி அவர் மனைவி அல்போன்சாவிடம் பேசச் சொன்னார். தேங்காய் வாங்கிவர மறந்ததற்கு எனக்கு முழுசாகத் திட்டு விழுந்தது. அந்த அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை.

டெர்பிக்கு முந்தின வாரம் மஹதி என்னைக் கூப்பிட்டாள். டெர்பி என்பது வருடத்தின் பெரிய ஓட்டம், மேடம். பந்தயம் பார்க்காதவர்களும் அன்றைக்குப் பார்ப்பார்கள்.

"மதி சார், தப்பா எடுத்துக்காதீங்க. டெர்பி ஓட்டத்த காஸ்பர் சார் சொல்லட்டும். நீங்க பேசுனா டென்ஷனா இருக்குன்னு நெறைய பேர் எழுதுறாங்க. நீங்க முன்னாடி பேடக் பாத்துக்கங்க."

சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்வது? காஸ்பரே என்னைத் தேடி வந்தார். "நான் வேணாம்னு சொல்லிடட்டுமா மதி? ஓட்டம் உன்னுதுப்பா" என்றார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குச் சொந்தமானதை அவர் கையில் வைத்துக்கொண்டு, வேண்டுமா என்று என்னிடமே கேட்கிறார். நீங்களே செய்யுங்கள் என்று சொல்லி அவர் தோளைத் தட்டினேன்.

டெர்பி அன்று மாடி ஏறும்போதே நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேஸ் என்றார். நானும் கேஸ்தான் என்றேன். அப்போது எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, இதை ரைட்டர் குறித்துக்கொள்ள வேண்டும்.

பேடக்கை முடித்துக் கொடுத்தேன். குதிரைகள் கேட்டுக்குப் போய்விட்டன. பேப்பர் லேன்டர்ன் என்றொரு குதிரை கேட்டுக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. இந்த மாதிரி நேரத்தில் எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் தொழிலில் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள், குரல் நிற்பதை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். என் முழங்கால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தது. காஸ்பர் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தவர், ஒரு பெயருக்குப் பிறகு நிறுத்தினார். வழக்கமான நிறுத்தம் என்றுதான் நினைத்தேன்.

ஒவ்வொரு மைக்குக்கும் அடியில் ஒரு இருமல் பொத்தான் உண்டு. இருமல் வந்தால் அதை அழுத்திக்கொள்வோம், அழுத்தியிருக்கும் வரை நம் சத்தம் வெளியே போகாது. காஸ்பர் அதை அழுத்தியிருந்தார். முகமெல்லாம் வியர்வை. வலியைக்கூட அவர் மரியாதையாகத்தான் அனுபவித்தார், அவர் சுபாவம் அது. பிறகு விரல் நழுவியது. நாற்காலியிலிருந்து சரிந்து எனக்கும் மேஜைக்கும் நடுவே விழுந்தார். முனகல் வந்தது. அவர் விரல் இருந்த இடத்தில் என் விரலை வைத்து அழுத்தினேன். யோசித்துச் செய்தது இல்லை, ஒருவருக்கொருவர் எத்தனையோ தடவை செய்திருக்கிற உதவி.

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் மஹதி கேட்டாள். "காஸ்பர் சார்? லைன்ல இருக்கீங்களா?"

கதவு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தெருமுனையிலேயே ஆஸ்பத்திரி. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. முனகல் நின்றதும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். அவர் மைக்கை என் பக்கம் இழுத்து, அவர் குரலில் சொன்னேன்: "இருக்கேம்மா. தொண்டை அடைச்சிக்கிச்சு."

பேப்பர் லேன்டர்ன் உள்ளே போனது. கேட் திறந்தது.

தொடக்கத்தில் அவரைப்போலவே சொன்னேன், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிறுத்தம். முன்னால் கோரல் பே, பின்னால் ஸ்டெடி ஆன்சர். நடுவில் ஒன்றிரண்டு முறை என் குரலிலும் கேள்வி கேட்டுக்கொண்டேன், என்னைக் காணோமே என்று மஹதி தேடக் கூடாது பாருங்கள். காஸ்பர் என் பேன்ட்டைப் பிடித்திருந்தார். வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. நான் காலை நகர்த்திக்கொண்டேன். கடைசி வளைவில் எழுந்து நிற்க வேண்டும், அதற்கு இடம் வேண்டுமே.

அந்தப் பதிவை நீங்கள் கேட்க வேண்டும், மேடம். ஏழாவது இடத்தில் கிடந்த பேப்பர் லேன்டர்ன் வேலி ஓரமாக உள்ளே புகுந்து வந்தது. யாரும் அதைக் கவனிப்பதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். காஸ்பரின் அந்தக் கனிந்த குரலில் என் வேகம். இரண்டும் அப்படிச் சேரும் என்று எனக்கே அதுவரை தெரியாது. அரைத் தலை வித்தியாசத்தில் அது ஜெயித்தபோது என் கால் ஆடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குள் ஒரு அமைதி வந்தது.

மஹதி காதுக்குள் கை தட்டினாள். "காஸ்பர் சார், செம்ம சார். எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"ரொம்ப நன்றிம்மா" என்றேன், அவராக.

அப்போது விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. குரல் நின்றுவிடுமே என்ற கவலை அப்போது இல்லை, நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அடுத்து அதே ஓட்டத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். அதையும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா, சொன்னேன். அதன் பிறகுதான் கதவைத் திறந்து, காஸ்பர் இப்போதுதான் விழுந்தார் என்று கத்தினேன். வலியுல்லா பாயும் நானும்தான் தூக்கிக்கொண்டு மாடி இறங்கினோம். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். யாரையும் குறை சொல்லும் தொனியில் அல்ல, டாக்டர்கள் அப்படிச் சொல்வது வழக்கம்தான்.

ஏழாம் நாள் பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். அல்போன்சா அக்கா போனில் அந்தப் பதிவை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தினமும் கேட்கிறாராம்.

"இவ்ளோ சந்தோஷமா அவரு பேசி நான் கேட்டதே இல்ல மதி. கஷ்டப்படாமதானே போனாரு? நீ பக்கத்துல இருந்தியே, சொல்லு."

"கஷ்டப்படலக்கா" என்றேன். அவர் மறுபடியும் முதலிலிருந்து வைத்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து முழுசாகக் கேட்டோம். கடைசி வளைவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அதை நான் மறுக்கவில்லை.

இனி ஒவ்வொரு பந்தய நாளும் அந்தப் பதிவோடுதான் தொடங்குமாம். நேற்று மஹதி ஆபீஸில் எல்லோரையும் கூட்டிச் சொன்னாள். காஸ்பரின் படம், கீழே அவர் பெயர், பின்னால் அந்த ஓட்டம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதைத்தான் போட்டுக் காட்டுவார்களாம், இப்படிப் பேசுங்கள் என்று. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அப்புறம் ராத்திரி முழுக்க வீட்டுக்குள் நடந்தேன், விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன்.

மனசாட்சி உறுத்தியதால் வந்தேன் என்று ரைட்டர் எழுதியிருக்கிறார். இருக்கட்டும், அது சரிதான். அல்போன்சா அக்காவுக்கும் இதைத் தெரிவித்துவிடுங்கள். அவருக்கு வருத்தமாக இருக்கும், எனக்குத் தெரியும். அதற்காக ஒரு மனுஷியை எத்தனை நாள் ஏமாற்றுவது? அவர் தினமும் கேட்பது யாரை என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா? ஒரே ஒரு திருத்தம், மேடம். 'காஸ்பரைப்போல் பேசினேன்' என்று இருக்கிறது. முதல் பாதிக்கு அது சரி. கடைசி நானூறு மீட்டரில் காஸ்பர் கிடையாது, அது முழுக்க என்னுடையது. அதை மட்டும் தெளிவாகப் போடச் சொல்லுங்கள்.