மூடி இல்லாத பெட்டி

இந்தப் பெட்டியில லேபிள் இருக்காதுங்க மேடம். பின்னாடியும் இல்ல, அடியிலயும் இல்ல. கஸ்டம்ஸ்காரங்க நீங்க கவுத்துப் போட்டுத் தேடினாலும் கெடைக்காது. விக்கறதுக்குச் செஞ்ச சாமானா இருந்தாத்தானே லேபிள் ஒட்டுவாங்க? இது எங்க ஷெட்டுல எங்களுக்குன்னு நாங்களே செஞ்சுக்கிட்டது.

தயாரிப்பாளர் யாருன்னா... நான்தான்னு வெச்சுக்கோங்களேன். நானும் எங்க வெல்டரும். பழைய பீரோத் தகடு. அந்தப் பச்சைப் பெயின்ட்கூட கம்பெனி கேட்டுக்கு அடிச்சது போக மிச்சம். சிரிக்காதீங்க மேடம், கம்பெனியில இந்தப் பெட்டிக்கு இருக்கற மரியாதை எனக்குக் கிடையாது.

நாங்க தண்ணி மோட்டார் செய்யறோம். ஒவ்வொரு மோட்டாரையும் வெளிய அனுப்பறதுக்கு முன்னால இதுல மாட்டி, பலமா கரண்ட் விட்டுப் பாப்போம். உள்ள சுத்தின காயில்ல இருந்து வெளி பாடிக்குக் கரண்ட் கசியுதான்னு. கசிஞ்சா சிவப்பு லைட் எரியும். அவ்வளவுதான் இதோட வேலை. இப்ப நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு பேக்டரி போட்டிருக்காங்க. எங்களுக்குப் புது மெஷின் வாங்கிட்டு, இந்தப் பழசை அங்க தள்ளிவிடறாங்க. அங்க வேலை ஆரம்பிக்கணும்னா இது போயாகணும். மேனேஜர் வெளிய கார்லதான் உக்காந்திருக்காரு. எப்படியாவது கஸ்டம்ஸ்ல பேசி எடுத்துட்டு வா, இல்லைன்னா கம்பெனிப் பக்கமே வராதேன்னு சொல்லித்தான் உள்ள அனுப்பினாரு.

ஆமா, அந்தப் பேப்பர்ல என் கையெழுத்துதான் வேணும். இது பாதுகாப்பானதுன்னு. இல்ல, பேனா இருக்குங்க. இருக்கட்டும்.

இங்க கொஞ்சம் பாருங்க. மோட்டார் மாட்டற இந்த எடத்துல ஒரு மூடி வந்திருக்கணும். மூடி தொறந்திருந்தா கரண்ட்டே வரக்கூடாது, அதான் முறை. அப்ப ஆர்டர் அவசரம், மூடிய அப்புறம் போட்டுக்கலாம்னாங்க. அப்புறம்னா உங்களுக்குத் தெரியாததா. ஒருநாள் எங்க பெயின்டர் ஏதோ நெனப்புல ரெண்டு கையையும் வெச்சுட்டாரு, ஒண்ணு பட்டன்ல, ஒண்ணு மோட்டார்ல. ஆளத் தூக்கி எறிஞ்சிருச்சு. பொழச்சது பெரிய விஷயம். அதுல இருந்து எங்களுக்கு ஒரு பழக்கம். வலது கையால பட்டன அமுக்கினா, இடது கை முதுகுக்குப் பின்னால இருக்கணும். யாரும் எழுதி மாட்டல. புதுசா வர்றவங்க பக்கத்துல நின்னு பாத்துக் கத்துக்குவாங்க.

என் வீட்டுக்காரியும் எங்க கம்பெனியிலதான், இதே லைன்லதான் வேலை. இந்தப் பெட்டி முன்னாடி நிக்கறதே அவதான். வீட்ல லைட் போடும்போதுகூட அவ இடது கை தானா முதுகுக்குப் போயிரும். அம்மா பரேடுல நிக்கறாங்கன்னு எம் பொண்ணு கிண்டல் பண்ணுவா.

அந்தப் பழக்கத்த எந்த டப்பாவுல போட்டு அனுப்பறது, சொல்லுங்க? சொல்லித்தர ஒரு ஆளையாவது கூட அனுப்புங்கன்னு கேட்டேன். செலவாம். சரி, மூடியாவது போட்டுத் தரேன்னேன். நேரமில்லையாம். அங்க யார் நிப்பாங்களோ, எந்த வீட்டுப் புள்ளயோ, ரெண்டு கையையும் வெச்சுத்தானே அமுக்கும்?

இத்தன நாளா எங்க ஷெட்டுக்குள்ள கெடந்தப்ப ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல. எல்லையத் தாண்டப் போகுதுன்னதும்தான் சர்டிபிகேட் எங்க, செஞ்சது யாருன்னு நீங்க கேக்கறீங்க. மேனேஜருக்கு அது எரிச்சல். எனக்கு, உண்மையச் சொல்றேன், வயித்துல பால வார்த்த மாதிரி இருந்துச்சு.

அதனால விட்டுறாதீங்க மேடம். அதச் சொல்லத்தான் வந்தேன். மூடி இல்லாம அனுப்பக்கூடாதுன்னு எழுதித் திருப்பிவிடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.

என்னங்க? ஆமா, கேப்பாரு. இத்தன பெட்டி போகுது, இத மட்டும் ஏன் பிரிச்சீங்கன்னு மேனேஜர் கண்டிப்பா கேப்பாரு. தகவல் வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும். உங்களுக்குப் போன்ல பேசினது ஒரு பொம்பளன்னு சொல்லிடாதீங்க. எங்க லைன்ல பொம்பளன்னா என் வீட்டுக்காரி ஒருத்திதான்.