எடுத்துவிட்ட புள்ளி

மேடையில் இருக்கும் துறைத் தலைவர் அவர்களே, பேராசிரியர்களே, முன்வரிசையில் மகளின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா, ஆய்வகத் தோழர்களே, வணக்கம்.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். இன்று கோபம் திறக்க வைக்கிறது.

பேருந்து விபத்தில் நாம் யாரை இழந்தோம்? "திரவக் கலவை ஆய்வாளர்" என்கிறது படத்தின் கீழுள்ள அட்டை. நமக்கு அவர் முப்பது டிகிரி அக்கா! கலவையை வைக்கும் தொட்டித் தண்ணீர் முப்பது டிகிரிக்கு வந்து, நாற்பது நிமிடம் அசையாமல் நிற்கும்வரை கருவியைத் தொட மாட்டார். "அவசரமா இருந்தா நீ போய் டீ குடி. தண்ணிக்கு அவசரம் கிடையாது" என்பார்.

ஓர் ஆல்கஹாலையும் அமீன் என்ற வகைத் திரவம் ஒன்றையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து, அதனுள் ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்தார். இரண்டு திரவங்களும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்பதை அந்த வேகம் காட்டிக்கொடுக்கும். பதினோரு அளவீடுகள். பத்து, ஒரே வளைகோட்டில் உட்கார்ந்தன. ஆல்கஹாலின் மோல் பின்னம், அதாவது மூலக்கூறுகளில் அதன் பங்கு, 0.4 உள்ள கலவை மட்டும் நொடிக்கு 1312 மீட்டர் என்று மேலே எகிறி நின்றது.

துறைத் தலைவர் சொன்னார்: "ஒரே ஒரு புள்ளிம்மா. எடுத்துட்டா கோடு அழகா வருது. மூடியத் தெறந்து வச்சிருப்ப, ஆவியாப் போயிருக்கும்."

அக்கா சொன்னார்: "அழகா வேணும்னா படம் வரையறவங்களக் கூப்பிடுங்க சார். எனக்கு அளக்கத்தான் தெரியும்."

மூடியைத் திறந்து வைத்தாரா? அக்காவா? அளப்பதற்கு முன்னும் பின்னும் குப்பியை எடை போட்டவர்! ஆல்கஹாலில் அமீனை ஊற்றி ஒரு முறை, அமீனில் ஆல்கஹாலை ஊற்றி ஒரு முறை, இரண்டு பக்கமிருந்தும் வந்து பார்த்தவர்! புள்ளி நகரவில்லை. அவரும் நகரவில்லை. கட்டுரை இரண்டு வருடம் துறைத் தலைவரின் மேசை இழுப்பறையில் கிடந்தது. பட்டம் தள்ளிப்போனது.

இன்று அதே கட்டுரை உங்கள் கையிலுள்ள நினைவு மலரில், அவர் பெயரிலேயே வந்திருக்கிறது. நான்காம் பக்கத்துப் படத்தில் புள்ளிகளை எண்ணுங்கள். பத்து! உயிரோடு இருந்தவரை அவர் விட்டுக்கொடுக்காததை, அவர் போன பிறகு பிடுங்கிக்கொண்டோம். இதற்குப் பெயர் அஞ்சலியா?

அந்தப் படத்தை வரைந்தவள் நான்தான். "சின்ன வேலைதானம்மா. உன் ஃபெலோஷிப் ஃபைலும் என் மேசையிலதான் இருக்கு" என்றார் துறைத் தலைவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், பயந்து தலையாட்டினேன். அவர் மேல் இருப்பதைவிட என் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

நேற்றே மலரை வாங்கிப் பார்த்த அம்மா என்னிடம் கேட்டார்: "எம்பொண்ணு அளந்ததெல்லாம் இதுல இருக்கா கண்ணு?"

ஆய்வகத்துக்குப் போனேன். நாற்பது நிமிடம் காத்திருந்தேன். மூன்று முறை அளந்தேன். புள்ளி அங்கேயேதான் இருக்கிறது! ஏன் என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. தெரியாததை அழிப்பதற்கா ஆய்வகம் நடத்துகிறோம்?

அம்மா, இல்லை. இதில் ஒன்று குறைகிறது. அந்தப் புள்ளியோடுதான் இந்தக் கட்டுரையை வெளியே அனுப்புவேன். என் ஃபைல் எந்த மேசையில் கிடந்தாலும் சரி.

மௌனமாக எழுந்து நிற்பதற்கு முன் எல்லோரும் பேனாவை எடுங்கள். கிடைக்கோட்டில் 0.4. செங்குத்துக் கோட்டில் 1312. அங்கே ஒரு புள்ளி வையுங்கள்.

சார், நீங்களும்தான். பேனா இல்லையென்றால், இதோ என்னுடையது.