இடது பக்கத்து நான்கு நட்டுகள்

மேடம், என்னை ஏற்றி வந்த உங்கள் ஜீப்பில் முன்பக்கத்து இடது ஷாக் அப்சர்வர் செத்து ஆறு மாதமாவது ஆகியிருக்கும். ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே என் இடுப்பு சொல்லிவிட்டது. ஏட்டையாவிடம் சொன்னேன். வாயை மூடச் சொன்னார். தொழில்காரன் வாயை மூடினாலும் இடுப்பு மூடாது.

என் பெயர் சூசைமாணிக்கம். வடமதுரை ரோட்டில் இருபத்தாறு வருடமாகக் கமான் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டிக்கு அடியில் வில்லாக வளைந்து பாரம் தாங்கும் பட்டைகளைத்தான் கமான் என்போம். கண்ணன் ஓட்டிய பிக்கப்பில் நான் என்ன வேலை செய்தேன் என்றுதானே கேட்டீர்கள்? வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஆனந்த்ராஜ். மனை விற்கிறவர். முந்நூறு மனை போட்டதில் பதினொன்று விற்றது, மிச்சத்தில் வேலிக்கருவேல் குடியேறியது. நடுவில் மட்டும் நானூறு மீட்டருக்குத் தார் ரோடு, கோடு கிழித்ததுபோல. ஒருநாள் போனில் வெளிநாட்டு டிராக் ரேஸைப் பார்த்துவிட்டார். இரண்டு வண்டி பக்கம் பக்கமாக நின்று, யார் முந்துவது என்று நேராகப் பாயும், திருப்பமே கிடையாது. அவர் ரோட்டிலும் திருப்பம் கிடையாது. அன்றிலிருந்து அவர் வேகவேந்தன். பட்டத்தை அவரே கொடுத்து அவரே வாங்கிக்கொண்டார். இடையில் ஆள் இல்லாததால் தாமதமாகவில்லை.

பந்தயத்துக்கு அவர் எடுத்தது, வியாழன்தோறும் அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஏற்றிப்போகும் அவருடைய பிக்கப்பை. அதன் டிரைவர்தான் கண்ணன். எதிர்வண்டி ஒட்டன்சத்திரத்துக் காய்கறி பிக்கப்.

முதல் வெள்ளோட்டத்தில் கண்ணன் மிதித்த மிதிக்குப் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. புகைதான் வந்தது, வண்டி வரவில்லை. அப்போது கண்ணன் சொன்னான்: "அண்ணே, ஆடு இருந்தா இப்பிடிச் சுத்தாது. வெடுக்குன்னு எடுத்தா அம்புட்டு ஆடும் பின்னால சரியும். வண்டி ரோட்டக் கவ்விரும்."

ஒன்பது ஆடுகளை ஏற்றிப் பார்த்தோம். வண்டி அம்பாகப் பாய்ந்தது. ஒரு கிடாய் பின்கதவைத் தாண்டி இறங்கி, எண்பத்தேழாம் மனையில் மேயப் போனது. இந்த மனையைப் பார்க்க வந்த முதல் பார்ட்டி இதுதான் என்றான் கண்ணன். நான் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தேன்.

ஆடுகள் செய்ததை ஷாக் அப்சர்வர் செய்ய வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. முன்பக்கத்துக்குத் தடையில்லாமல் எழும்புகிற ஜோடி. மூக்கு தூக்கினால் பாரம் பின்னால் போகும். பின்பக்கத்துக்குக் கெட்டியான ஜோடி. பின்சக்கர அச்சு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, அதிலிருந்து வண்டியின் அடிச்சட்டத்துக்கு இரண்டு இரும்புத் தண்டுகள். பதினொரு நாள் வேலை. மதியச் சோறு கண்ணன் வீட்டிலிருந்து வரும். அவன் மனைவி தமிழ்மதி எனக்கென்று தனியாகத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்து அனுப்பும்.

பந்தயத்துக்கு முந்தின நாள் பிளக்ஸ் வந்தது. இருபதுக்குப் பன்னிரண்டு அடி. நாற்பத்து மூன்று முகங்கள், எண்ணினேன். பந்தல் போட்டவர் இருந்தார். இன்னும் பெயர் வைக்காத ஒரு கைக்குழந்தை கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு இருந்தது. கீழே, 'சஸ்பென்ஷன் அமைப்பு: கோவை நிபுணர் குழு' என்று அச்சடித்திருந்தார்கள். அப்படி ஒரு குழு கிடையாது. ஆனந்த்ராஜிடம் கேட்டேன். அவர் தோளில் கைபோட்டுப் பொறுமையாக விளக்கினார்: "வடமதுரை ரோட்டுப் பட்டறைன்னு போட்டா ரேஸ் பாக்க எவன் வருவான் மாணிக்கம்? ஆடு வாங்கத்தான் வருவாய்ங்க."

நியாயமான பேச்சு. எனக்குக் கோபம் வரவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். டீ குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். வண்டிக்கு அடியில் படுத்தேன்.

பின்பக்கத்து இடது கமானை அச்சோடு பிணைப்பவை இரண்டு யூ போல்ட்டுகள். அவற்றுக்கு நான்கு நட்டுகள். ஒவ்வொன்றையும் நாலு சுற்றுத் தளர்த்தினேன். பட்டைகளைக் கோத்து அச்சில் இடம் மாறாமல் நிறுத்தும் நடு போல்ட்டை முக்கால்வாசி அறுத்து, அறுத்த இடத்தில் கிரீஸ் தடவினேன். கிரீஸ் அவசியமில்லைதான். ஆனாலும் வேலை என்றால் சுத்தமாக இருக்க வேண்டும்.

கணக்கு எளிது. பந்தயத்தில் ஓட்டப்போவது கண்ணன் இல்லை, ஆனந்த்ராஜ். கிளம்புகிற உதையில், முதல் பத்தடிக்குள் அச்சு நகரும். வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் போய் உட்காரும். ஊர் சிரிக்கும். வேறெந்தக் கெட்ட எண்ணமும் எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அறுநூறு பேர் கூடிவிட்டார்கள். திருஷ்டிப் பூசணி உடைத்தார்கள். எட்டுச் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஆனந்த்ராஜ் சிவப்பு ரேஸ் உடையில் வந்தார். கல்யாணக் கோட்டு தைக்கிறவரிடம் அளவு கொடுத்துத் தைத்தது. மேளம் முழங்க ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கால் இடுக்கில் ஒரு சத்தம். மேளத்தையும் மீறிக் கேட்டது. ஒரு சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கியவர், இளைஞர்களுக்கு வழிவிடுவதே தலைமைக்கு அழகு என்று மைக்கில் அறிவித்தார். ஹெல்மெட் கண்ணன் தலைக்கு வந்தது.

பிறகு வாழ்த்துரைகள். நாற்பது நிமிடம். பதினேழு நம்பர் ஸ்பேனர் என் பையில்தான் இருந்தது. நான்கு நட்டையும் இறுக்க ஐந்து நிமிடம் போதும். நடு போல்ட் கிடக்கட்டும், இறுக்கினாலே பாதி ஆபத்து குறையும். நான் எழுந்தேன், மேடம். அதையும் எழுதுங்கள். எழுந்து வண்டிப் பக்கம் நாலடி நடந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒட்டன்சத்திரத்துக்காரர் மேடையேறி, "எங்க வண்டிய செட் பண்ணுனதும் கோயம்புத்தூர் ஆளுங்கதானுங்க" என்றார். ஆனந்த்ராஜுக்கு முகம் சுருங்கியது. உடனே மைக்கைப் பிடுங்கி, எங்கள் வண்டியைச் செய்தவன் மண்ணின் மைந்தன், வடமதுரை ரோட்டுச் சூசைமாணிக்கம் என்று முழங்கினார். நடந்துகொண்டிருந்த என்னை நான்கு பேர் அலாக்காக மேடையில் ஏற்றினார்கள். சால்வை போர்த்தினார்கள். அறுநூறு பேர் கைதட்டினார்கள். மைக் என் கைக்கு வந்தது.

கண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "அண்ணே, எல்லாம் டைட்டாத்தான இருக்கு?"

சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்களே யோசியுங்கள். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு ஊரே என் பெயரைக் கேட்கிறது; என் முதல் பேச்சே நட்டு லூஸ் என்றா இருக்க வேண்டும்?

"மாணிக்கம் கை வச்ச வண்டிடா. தைரியமாப் போ அப்பு" என்றேன். ஸ்பீக்கர் வழியாக என் குரல் நன்றாக இருந்தது. விசில் பறந்தது.

வண்டி கிளம்பியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூக்கு அழகாக எழும்பியது, பின்சக்கரம் ரோட்டைக் கவ்வியது. பத்தடியில் நகர வேண்டிய அச்சு நகரவில்லை. நான் போட்ட இரும்புத் தண்டுகள் அதை விடவில்லை. வேலை அவ்வளவு சுத்தம். காய்கறி வண்டி இரண்டு வண்டி நீளம் பின்னால் கிடந்தது. நானும் கைதட்டினேன். முந்நூறு மீட்டரில்தான் இடது பக்கம் விட்டது. மனைகளுக்கு நட அடுக்கியிருந்த எல்லைக் கற்களில் கண்ணன் போய் மோதினான்.

ஆஸ்பத்திரி வாசலில் தமிழ்மதி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க பாத்துப் பாத்துச் செஞ்ச வண்டியாச்சேண்ணே" என்று அழுதது. ஆமாம்மா என்றேன். தோளில் இன்னும் சால்வை இருந்தது. அதைத்தான் எடுத்துத் தமிழ்மதிக்குப் போர்த்திவிட்டேன். நான் இரக்கமில்லாதவன் இல்லை.

தளர்த்தியது நான். அறுத்தது நான். தெரிந்தே போகச் சொன்னதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். கமான் உடைந்து டிரைவர் பலி என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். அது தவறு, மேடம். கமானில் ஒரு பட்டைகூட உடையவில்லை. அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். பட்டறை பெயர் கெட்டுவிடும்.