கண்டுபிடித்தால் பிஸ்கோத்து

கல்லுப்பட்டி பஸ்ஸுக்காக வெயிலில் நின்று கால் கடுத்துப்போயிருந்தது. எனக்கு முன்னால் நின்ற பங்களா வேலைக்காரர், கயிற்றில் ஒரு வெள்ளை நாயைப் பிடித்தபடி, பக்கத்தில் நின்ற மீசைக்காரரிடம் சொன்னார்:

“நேத்தும் இது என்னையக் கண்டுபிடிச்சிருச்சுண்ணே.”

“கண்டுபிடிச்சா என்ன?”

“அவனியாபுரம் கம்மாக்கரையில விட்டுட்டு வந்தேன். பொழுது சாயயில பங்களா வாசல்ல எம் முன்னால வந்து உக்காந்திருக்கு.”

“எதுக்கு விடணும்?”

“பழைய துரை சீமைக்குப் போயிட்டாரு. புதுசா வார துரைக்கு நாயே ஆகாதாம். அவரு வாரதுக்குள்ள இது போகணும். இல்லாட்டி நான் போகணும்.”

“அம்புட்டுத் தூரம் எப்படி வழி தெரிஞ்சு வந்துச்சு?”

“பழைய துரையம்மா பழக்குனதுதான். தெனமும் பார்க்குல நான் மரத்துக்குப் பின்னால ஒளியணும். இது மோந்துக்கிட்டே வந்து கண்டுபிடிச்சா ஒரு பிஸ்கோத்து. போகப் போகத் தூரமா ஒளியச் சொல்லுவாக. இப்ப விட்டுட்டு வந்தாலும் வெளையாட்டுன்னே நெனைக்குது.”

பஸ் வந்தது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது.

“கல்லுப்பட்டியில இருந்தெல்லாம் வராது தம்பி. மடியில என்ன பொட்டலம்?”

“பிஸ்கோத்துண்ணே.”

“விடுறதுக்கு முன்னால போடுறதுக்கா?”

“இல்லண்ணே. வந்துருச்சுன்னா குடுக்கணும்ல.”