கேரவன் கூரையில் நின்ற தண்ணீர்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மழைத் தண்ணீர் நிற்காது. தருமபுரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மழை விட்ட கையோடு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுவேன். தண்ணீரைத் தேங்கவிடுகிற ஆள் இல்லை இந்தச் சிதம்பரநாதன்.

கேரவன் விஷயம் வேறு. அது என் மருமகன் சசிதரனுடையது. கல்யாணம் ஆனதிலிருந்து அவரும் என் மகள் தீபாவும் என் வீட்டில்தான் இருந்தார்கள். திடீரென்று ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பெல்லாம் வைத்து, கூரைமேல் ஏசியும் பொருத்தி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அடைமழைக் காலம் முடிந்ததும் தீபாவை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவாராம். கம்ப்யூட்டர் வேலையை எங்கிருந்தும் பார்க்கலாமாம். எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டேன். "பாக்கலாம் மாமா" என்று சிரித்தார். நேரான ஆள் ஒரு தேதி சொல்லியிருப்பார்.

அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன். நான் வாசலுக்கு வந்தால் போனில் அவர் குரல் இறங்கும். வண்டி ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை மாட்டினார். தீபாவின் ஆதார் அட்டையை வாங்கி நகல் எடுத்தார். என்னுடையதையும் கேட்டார். நீங்களாக இருந்தால் சந்தேகப்பட்டிருக்க மாட்டீர்களா?

"ஒங்களுக்கு எல்லாரு மேலயும் சந்தேகம்ப்பா" என்பாள் தீபா. தாயில்லாமல் வளர்ந்த பெண். அவளுக்குச் சூது தெரியாது.

ஏசியின் பாரத்தில் கூரைத் தகடு குழிந்து, பெய்த மழையெல்லாம் அங்கேயே நின்றது. சசிதரன் வேலையாகச் சென்னைக்குக் கிளம்பும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"மாமா, மழ விட்டதும் ஜாக்கி போட்டு முன்பக்கத்தக் கொஞ்சம் தூக்கி வைங்க. தண்ணி தானா வடிஞ்சிடும். ஒழுகி வயர்ல எறங்கிடப் போவுது."

"நீங்க போயிட்டு வாங்க மாப்ள, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மழை விட்டு விட்டுப் பெய்தது. ஜாக்கியை எடுக்கவில்லை. ஒரு காலையில் வண்டிக் கதவை ஈரத் துணியால் துடைத்தபோது விரல் நுனியில் சுர்ரென்றது. வண்டிக்குள் இருக்கும் பிரிட்ஜுக்கு எங்கள் வீட்டுப் பிளக்கிலிருந்துதான் வயர் போகிறது. தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று புரிந்தது. ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. பிளக்கைப் பிடுங்கலாம் என்று தோன்றியது. ஆனால் அடுத்தவர் வண்டி, நான் ஏன் கை வைக்க வேண்டும்? தீபாவிடம் மட்டும், "வண்டிக்கிட்ட போவாதம்மா, வழுக்குது" என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் சசிதரன் வந்தார். செருப்பை வாசற்படியில் கழற்றிவிட்டுப் பையை உள்ளே வைத்தார்.

"மேல தண்ணி நிக்குது மாப்ள. ஒரு எட்டு ஏறித் தள்ளிவிட்டுடுங்களேன்" என்றேன்.

துடைப்பத்தையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சேற்றில் வெறுங்காலோடு நின்று, வண்டியின் பின்னால் இருக்கும் இரும்பு ஏணியை இரண்டு கையாலும் பிடித்தார். கத்தவில்லை. நான் கையிலிருந்த காபியைக் குடித்து முடித்துவிட்டுப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

அவர் போனில் பேசியதெல்லாம் வண்டியைக் கட்டிக்கொடுத்த கோட்டுச்சேரி ஜெய்னுலாபுதீனிடம் என்கிறீர்கள். எனக்கென்று மூன்றாவதாக ஒரு படுக்கை போடச் சொன்னாராம். போட்டு முடிக்கும்வரை மாமாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாராம். இருக்கலாம். செத்துப்போனவரைப் பற்றி எல்லோரும் நல்லதாகத்தான் சொல்வார்கள்.

புகார் கொடுத்தது தீபாதான் என்றும் சொன்னீர்கள். அவளை மட்டும் ஏன் வண்டிப் பக்கம் போக வேண்டாம் என்றேன் என்று கேட்டிருக்கிறாள். கெட்டிக்காரி. என் வளர்ப்பு. ஆமாம், கரண்ட் பாய்கிறது என்று தெரிந்தேதான் அவரை ஏறச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சீக்கிரம் முடித்து அனுப்பிவிடுங்கள். வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். என்னை விட்டால் அவளுக்கு இனி யார் இருக்கிறார்கள்?