ஞாயிற்றுக்கிழமை முட்டை

— வெங்காய மூட்டைக்குப் பின்னால யாருலே? வெளிய வா. வரலேன்னா கரண்டியாலயே போடுவேன்.

— கத்தாதலே எபி, நான்தான்.

— ஸ்தோத்திரம்! ஆண்டுவிழாவுக்கு வந்த சீஃப் கெஸ்டு சமையக்கட்டுல ஒளிஞ்சிருக்காரு! டாக்டர் இசக்கிமுத்து மேடைக்கு வரணும்னு வார்டன் ஐயா மைக்குல மூணு வாட்டி கூப்பிட்டாச்சு. இந்த மிஷன் ஹோமுப் பிள்ளைக இருநூறும் வெயில்ல உக்காந்திருக்கு.

— மாட்டு டாக்டர்னு சொல்லு. அன்னைக்கு ஆட்டுக்குப் பின்னால ஓடுனேன், இன்னைக்கு அதுக்குப் பின்னால நின்னு ஊசி போடுதேன். முப்பது வருஷத்துல அந்த ஆட்டுக்கு முன்னாலகூட நான் வரலலே.

— அதுக்கே கோட்டு போட்டுட்டு வந்திருக்கியே, அது போதும். போய் உன் கதையைச் சாட்சியாச் சொல்லு. உன்னைய மாதிரி ஓட்டை டிரங்குப் பெட்டியோட வந்த பிள்ளைகதான் அம்புட்டும். இங்க சோறு தின்னு, படிச்சு, ஒருத்தன் மனுஷனாயிருக்கான்னு கண்ணால பாக்கட்டும்.

— அதுக்குப் பயமில்ல. முன் வரிசையில நார்வே அம்மா உக்காந்திருக்கா. எண்பத்தாறு வயசு. என்னைப் படிக்க வச்ச மகராசி. கட்டிப்பிடிச்சு அழுதுட்டு, நான் எழுதுன லெட்டரு பூராவையும் நாடா போட்டுக் கட்டிக் கையில குடுத்துட்டா. ஒண்ணை மேடையில வாசிக்கணுமாம்.

— வாசியேன்.

— அது நான் எழுதுன லெட்டரா? மாசம் ஒண்ணு, அம்புட்டும் இங்கிலீஷ்ல நீ எழுதுனது. கீழ பேரு மட்டும் நான் போட்டேன். அதையும் தப்பாத்தான் போட்டேன்.

— சும்மாவா எழுதுனேன்? லெட்டருக்கு ஒரு முட்டை. உன் ஞாயித்துக்கிழமை முட்டை. இந்த ஹோமுல ரெண்டு முட்டை தின்னு வளந்த ஒரே பய நான்தான், வயித்தைப் பாத்தாலே தெரியும்.

— வந்ததும் வராததுமா என்ன கேட்டா தெரியுமா? 'ரூபி சுகமா?' ரூபி யாருலே? எனக்குக் கூடப்பொறந்தவளே கிடையாது!

— அது... என் தங்கச்சிலே.

— உன் தங்கச்சி என் லெட்டர்ல வந்து எதுக்குப் பொறந்தா?

— உன்னைப் பத்தி எழுத என்ன இருந்துச்சு? 'ஆடு சுகம், நானும் சுகம்.' ரெண்டு வரி. மிச்சப் பக்கத்துக்கு நான் எங்க போக? எங்க வீட்டுக் கதையை எழுதுனேன். எங்கம்மை பீடி சுத்துனது, கிழிஞ்ச பாவாடையோட பள்ளிக்கூடம் போமாட்டேன்னு ரூபி அழுதது...

— அடப்பாவி! அதான் கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் பச்சைக் கவுன் வந்துச்சா? ஆம்பளப் பிள்ளைக்குக் கவுன் அனுப்புதாளே, வெள்ளைக்காரிக்குக் கோட்டி பிடிச்சிருக்குன்னு உன்கிட்டத் தூக்கிக் குடுத்தேனே.

— அந்தக் கவுனைப் போட்டுக்கிட்டுத்தான் ரூபி பள்ளிக்கூடம் போனா. இப்ப பெரியாஸ்பத்திரியில நர்ஸ். உனக்குப் புண்ணியமாப் போகும்.

— சிரிக்காதலே. நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். மேடையேறி உண்மையைச் சொல்லிருதேன். எழுதுனது எபநேசர்னு. உன்னையும் இழுத்துட்டுப் போறேன், இந்தக் கைலியோட.

— கோட்டிப்பயலே! சாட்சின்னா ஊருல கூட்டித்தான் சொல்லுவான், குறைச்சா சொல்லுவான்? பிள்ளைக முன்னால உன் மானம் போயிரும்.

— போகட்டும். இங்கிலீஷ்ல நீ தொண்ணூத்தெட்டு, நான் முப்பத்தஞ்சு. அதுவும் வாத்தியாரு இரக்கப்பட்டது. பத்தாவதுக்கு மேல ஸ்பான்சர் இருக்கவனைத்தான் ஹோமு படிக்க வச்சுது. எனக்கு ஒருத்தி இருந்தா. ஹோமு அனுப்புன போட்டோவுல உன் போட்டோவை மட்டும் எந்த ஸ்பான்சரும் எடுக்கல.

— எப்படி எடுப்பாக? போட்டோ பிடிக்க வந்த அன்னைக்கு எனக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் ரெண்டும் பூசணிக்கா. இந்தப் பிள்ளை நல்லாத் தின்னு கொழுத்திருக்கு, இதுக்கு எதுக்கு உதவின்னு நினைச்சிருப்பாக.

— விளையாடாதலே. நான் காலேஜுக்குப் போனேன், நீ இந்த அண்டாகிட்ட வந்த. அன்னையிலேருந்து நெஞ்சுக்குள்ள முள்ளா இருக்கு. லெட்டரு எழுதுறது யாருன்னு அந்த அம்மா அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சத்தியமா உன்னையத்தான் சொல்லியிருப்பேன்.

— கேட்டா.

— என்னது?

— பத்தாவது பரீட்சைக்கு முன்னால ஒரு லெட்டரு வந்துச்சு. உனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, என்கிட்டத்தான் கொண்டு வந்த. பனி விழுது, நாய் குட்டி போட்டிருக்குன்னு வாசிச்சுக் காட்டுனேன், ஞாபகம் இருக்கா?

— ஆமா. நாலு குட்டி.

— நாயே கிடையாதுலே. நான் பண்ணுன தப்பு அது. அதுக்கு முந்தின லெட்டர்ல, ரூபி 'எபி அண்ணா'ன்னு கூப்பிட்டு அழுதான்னு கை தவறி எழுதிட்டேன். கிழவி பிடிச்சுக்கிட்டா. 'யார் இந்த எபி? எழுதுறது அவனா? பயப்படாமச் சொல்லு. என்னால ஒருத்தனைத்தான் மேல படிக்க வைக்க முடியும். எழுதுற பிள்ளையைப் படிக்க வைக்கணும்னு எனக்கு ஆசை'ன்னு கேட்டிருந்தா.

— எபி...

— அழாதலே, கோட்டு நனையும். தியாகம் அது இதுன்னு நினைச்சுக்கிடாத. நீ ஊருக்குப் போனா திரும்பவும் ஆடுதான். எனக்குச் சமையக்கட்டுல வேலை தாரேன்னு வார்டன் சொல்லியிருந்தாரு. முட்டைச் சட்டியே கைக்கு வருதுன்னா நான் விடுவேனா?

— நீ என்னலே பதில் எழுதுன?

— அந்தக் கட்டுலதான் இருக்கும். உன்கிட்டக் காட்டல, கையெழுத்தையும் நானே போட்டேன். உன் பேரு ஒழுங்கா இருக்க லெட்டரு அது ஒண்ணுதான், தேடு. இப்பத்தான் உனக்கு இங்கிலீஷ் வாசிக்க வருமே.

— இரு... இதுதான். 'அன்புள்ள அம்மா, எழுதுவது நான்தான். எபி என்று இங்கே யாரும் இல்லை. இப்படிக்கு, இசக்கிமுத்து.'